இன்னிக்கு எந்த ஜிப்?

கோடைக்கால வெள்ளிக்கிழமை மாலை பெர்க்லி மரினா பக்கம் போயிருக்கிறீர்களா? வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் படகுகளுக்குப் போவார்கள். ‘பீர் கேன் ரேஸ்’ என்று செல்லமாகச் சொல்லப்படும் மாலை நேரப் பாய்மரப் படகுப் பந்தயம். பெயர்தான் வேடிக்கை. தொடக்கக் கோட்டுக்கு வந்துவிட்டால் ஒருத்தரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் இப்போது நம்ம முகங்களும் கொஞ்சம் தென்படுகின்றன. பிள்ளை சம்மர் கேம்ப்பில் படகு ஓட்டப் பழகிவிட்டு வந்து, “அப்பா, நீங்க ஏன் ஓட்ட மாட்டேங்கறீங்க?” என்று கேட்டதில் ஆரம்பித்தவர்கள் சிலர். ஆள் குறையுது, வாங்க என்று ஆபீஸ் நண்பர் கூப்பிட்டு க்ரூவாகப் போனவர்கள் சிலர். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து 1970களில் கட்டிய 30 அடிப் படகு ஒன்றை மலிவாக வாங்கியவர்களும் உண்டு.

எந்த வழியில் வந்தாலும், துறையிலிருந்து கயிறு அவிழ்ப்பதற்கு முன்னால் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: “இன்னிக்கு எந்த ஜிப்?” பாய்மரத்துக்கு முன்னால் ஏற்றும் பாயில் எந்த அளவை ஏற்றப் போகிறோம் என்று அர்த்தம்.

பெரிய பாய் என்றால் அதிக வேகம் என்று புதிதாக வருபவர்களுக்குத் தோன்றும். காற்று குறைந்த நாளில் அது சரி. காற்று ஏறிய நாளில் அதே பெரிய பாய் படகை மெதுவாக்கும். கூடவே, படகில் இருப்பவர்களைப் பயமுறுத்தவும் செய்யும். சரியான அளவைக் காற்று, படகு, ரேட்டிங், படகில் இருக்கும் கைகள் ஆகிய நான்கும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. குடும்பத்தோடு ஓட்டுபவர்களுக்கு இந்த நான்கில் கடைசிதான் முக்கியம். ஆனால் அதைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு.

முதலில் பெயர்களும் எண்களும்

பாய்மரத்தின் உச்சியிலிருந்தோ சற்றுக் கீழேயிருந்தோ படகின் முன்முனைக்கு ஒரு கம்பி இறங்கும். அதற்கு ஃபோர்ஸ்டே என்று பெயர். அந்தக் கம்பியோடு ஏறும் முக்கோணப் பாய்தான் முன்பாய். அதை மேலே இழுக்கும் கயிறு ஹால்யார்ட். நம்ம கடற்கரையில் இதை ஆஞ்சான் என்பார்கள். பாயின் பின்பக்கக் கீழ் மூலையில் கட்டி, இழுத்தும் விட்டும் பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு ஷீட்.

முன்பாய் பாய்மரத்தைத் தாண்டாமல் முன்னாலேயே நின்றுவிட்டால் அது ஜிப். பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வந்து மெயின் பாயோடு ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் அது ஜெனோவா. இத்தாலியின் ஜெனோவா நகரம்தான். சுவீடனைச் சேர்ந்த ஸ்வென் சாலேன் 1920களில் அங்கே நடந்த பந்தயத்தில் இப்படி ஒரு பெரிய பாயை ஏற்றி ஓட்டியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அளவைச் சதவீதத்தில் சொல்வார்கள். இதற்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று ‘ஜே’. பாய்மரத்தின் முன்பக்கத்திலிருந்து ஃபோர்ஸ்டே படகில் வந்து சேரும் இடம் வரைக்கும் உள்ள கிடைமட்டத் தூரம் இது. இன்னொன்று ‘எல்.பி’. ஷீட் கட்டும் மூலையிலிருந்து பாயின் முன்விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் அதன் நீளம். எல்.பி-யை ஜே-யால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு படகை எடுத்துக்கொள்வோம். ஜே 12 அடி. பாயின் முன்விளிம்பு 40 அடி. முக்கோணத்தின் பரப்பளவுக் கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

* மூன்றாம் எண் ஜிப், 100 சதவீதம்: எல்.பி 12 அடி, பரப்பு 240 சதுர அடி.
* இரண்டாம் எண் ஜெனோவா, 135 சதவீதம்: எல்.பி 16.2 அடி, பரப்பு 324 சதுர அடி.
* முதலாம் எண் ஜெனோவா, 155 சதவீதம்: எல்.பி 18.6 அடி, பரப்பு 372 சதுர அடி.

எண் கூடக் கூடப் பாய் சிறிதாகும் என்பதைக் கவனியுங்கள். முதலாம் எண்தான் இருப்பதிலேயே பெரியது. மூன்றாம் எண்ணை விட அது 132 சதுர அடி அதிகம். ஒரு சின்ன படுக்கையறையின் தரை அளவு துணி அது.

முன்பாய்க்கு ஏன் இவ்வளவு மரியாதை?

எதிர்காற்றில் ஓடும்போது முன்பாயின் ஒவ்வொரு சதுர அடியும் மெயின் பாயின் சதுர அடியை விட அதிகம் வேலை செய்கிறது. ஒரு காரணம் எளிது: மெயின் பாய்க்கு முன்னால் தடித்த பாய்மரம் நின்று காற்றைக் கலைக்கிறது. முன்பாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பி மட்டும்தான்.

இன்னொரு காரணம் கொஞ்சம் நுட்பமானது. இரண்டு பாய்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் காற்று வேகமாகப் பாய்ந்து மெயின் பாய்க்கு உதவுகிறது என்றுதான் பல காலம் எழுதிவந்தார்கள். விமானத் துறையில் வேலை பார்த்த காற்றியக்கப் பொறியாளர் ஆர்வெல் ஜென்ட்ரி 1970களில் அதைத் தலைகீழாக்கினார். இடைவெளியில் காற்று உண்மையில் மெதுவாகிறது. மெயின் பாய் தனக்கு முன்னால் வரும் காற்றைத் திருப்பிவிடுவதால், முன்பாய்க்கு அதிகச் சாதகமான கோணத்தில் காற்று கிடைக்கிறது. அதாவது மெயின்தான் ஜிப்புக்கு உதவி செய்கிறது.

1970களின் படகுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அந்தக் காலப் பந்தய விதிகளை ஒட்டிக் கட்டிய பல படகுகளில் மெயின் பாய் ஒல்லியாகவும் முன்பாய் பிரம்மாண்டமாகவும் இருக்கும். ஃபோர்ஸ்டே பாய்மரத்தின் உச்சிக்கே போகும். இந்தப் படகுகளின் எஞ்சின் முன்பாய்தான். பிற்காலப் படகுகள் பலவற்றில் மெயின் பெரிது, முன்பாய் சிறிது. 1990களின் தொடக்கத்தில் வந்த, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நிறையப் பார்க்கக் கிடைக்கிற ஜே/105 அதற்கு நல்ல உதாரணம். பாய்மரத்தைத் தாண்டாத ஜிப்போடுதான் அந்த வகுப்பே பந்தயம் ஓடுகிறது.

உங்கள் படகு எந்த வகை என்பது முக்கியம். முன்பாயை நம்பிய பழைய படகாக இருந்தால், காற்று ஏறும்போது முதலில் முன்பாயைக் குறைக்க வேண்டும். மெயினை நம்பிய புதிய படகாக இருந்தால், பெரும்பாலும் முதலில் மெயினைக் குறைப்பார்கள்.

காற்றின் கணக்கு

பாயின் மேல் விழும் விசை காற்று வேகத்தின் இருமடியாகக் கூடும். 10 நாட் காற்று 14 நாட் ஆனால் விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. 20 நாட் ஆனால் நான்கு மடங்கு. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.

இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எதிர்காற்றில் போகும்போது படகின் சொந்த வேகமும் காற்றோடு கூடிக்கொள்ளும். 12 நாட் காற்றில் 6 நாட் வேகத்தில் எதிர்த்து ஓடினால், பாய் உணர்வது ஏறத்தாழ 17 நாட். காற்று 20 நாட் ஆகிவிட்டால் பாய் உணர்வது 25-ஐ நெருங்கும். திரும்பி, காற்றோடு சேர்ந்து ஓடினால் இதே வேகம் கழிந்துவிடும். 12 நாட் காற்று 6 நாட் போலத்தான் தெரியும். அதனால் முன்பாய் அளவை எப்போதும் எதிர்காற்றுப் பகுதியை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

விசை கூடினால் படகு சாயும். கொஞ்சம் சாய்வது நல்லது. ஆனால் 20, 25 பாகைக்கு மேல் போனால் பெரும்பாலான கீல் படகுகளில் லாபம் நஷ்டமாகிவிடும். படகின் மூக்கு தானாகக் காற்றுக்குள் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க சுக்கானைப் பிடித்து இழுக்க வேண்டும். சுக்கான் மூன்று, நான்கு பாகை திரும்பியிருந்தால் பரவாயில்லை. பத்துப் பாகை திரும்பி நின்றால் அது பிரேக். படகும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். பாய் பெரிதாக இருக்கும், ஸ்ப்ரே பறக்கும், எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேகம் போலத் தெரியும். பக்கத்தில் சின்ன ஜிப்போடு நிமிர்ந்து போகிற படகு சத்தமில்லாமல் முந்திப் போய்விடும்.

கோணத்திலும் சின்ன ஜிப்புக்கு ஒரு சாதகம் உண்டு. ஜெனோவா பக்கக் கம்பிகளுக்கு வெளியே சுற்றி வர வேண்டும். அதனால் அதைப் படகின் நடுக்கோட்டுக்கு மிக அருகில் இழுக்க முடியாது. ஜிப்பைக் கம்பிகளுக்கு உள்ளேயே வைத்து இறுக்கலாம். காற்று போதுமான அளவு இருந்தால் அதே படகு காற்றுக்கு இன்னும் நெருக்கமாக ஏறும். குறைந்த காற்றிலோ அந்த நெருக்கம் உதவாது. அங்கே வேண்டியது உந்துவிசை. அதைக் கொடுப்பது ஜெனோவாவின் பரப்புதான்.

30 அடிப் பழைய படகுக்கு, தட்டையான நீரில், உண்மைக் காற்றை வைத்துப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லைகள் இவை: 12 நாட் வரை முதலாம் எண், 12 முதல் 17 வரை இரண்டாம் எண், அதற்கு மேல் மூன்றாம் எண். இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. உங்கள் படகின் எல்லைகளை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடா என்ன சொல்கிறது?

கோடையில் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு கொதிக்கும். சூடான காற்று மேலெழ, பசிஃபிக்கின் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடி வரும். கடற்கரை மலைத்தொடரில் அதற்குக் கிடைக்கும் பெரிய வாசல் கோல்டன் கேட். அந்த வாசல் வழியாக நுழைந்து, அல்கட்ராஸ் தீவைக் கடந்து, நேராக பெர்க்லி பக்கம் வரும். காலை பத்து மணிக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், பிற்பகல் மூன்று மணிக்கு 20, 25 நாட் காற்றில் கொந்தளிக்கும். ஜூன், ஜூலையில் இது சாதாரணம்.

நீரோட்டமும் சும்மா இருப்பதில்லை. கோல்டன் கேட்டில் அது 4 நாட்டையும் தாண்டும். நீர் வற்றும்போது ஓட்டம் மேற்கு நோக்கி, அதாவது காற்றை எதிர்த்துப் போகிறது. காற்று 18 நாட், நீரோட்டம் 3 நாட் என்றால், அந்தத் தண்ணீரோடு நகரும் உங்கள் படகுக்கு அது 21 நாட் காற்று. நீர் ஏறும்போது இதே 18 நாட் 15 ஆகிவிடும். ஒரே வானிலை அறிக்கையில் இரண்டு வேறு முன்பாய்கள்! காற்றும் நீரோட்டமும் மோதும் இடத்தில் அலைகளும் குட்டையாக, செங்குத்தாக எழும். அதில் பாயை ரொம்பத் தட்டையாக இழுத்து வைத்தால் ஒவ்வொரு அலையிலும் படகு முட்டி நிற்கும். சின்ன ஜிப்பைப் போட்டு, அதைக் கொஞ்சம் உப்பலாக வைத்து ஓட்டுவது அங்கே நல்லது.

குளிர்காலம் இதற்கு நேர் எதிர். புயல் வந்து போகும் நாட்களை விட்டால், நவம்பர் முதல் மார்ச் வரை நடக்கும் மிட்வின்டர் பந்தயங்களில் பல நாள் காற்று 5, 6 நாட்டைத் தாண்டாது. அன்று மூன்றாம் எண் ஜிப்போடு போனால் நீரோட்டம் உங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும்.

வேறு ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு: கணக்கு அதேதான், விடை மட்டும் மாறும். டொரோண்டோவில் ஒன்டாரியோ ஏரியின் கோடை மாலைகளில் காற்று பல நாள் மெல்லியது. அங்கே பெரிய ஜெனோவாவுக்கு வேலை உண்டு. சிங்கப்பூரிலும் பருவமாற்றக் காலங்களில் அப்படித்தான். சிட்னியில் வெயில் கொளுத்தும் நாளில் ‘சதர்லி பஸ்டர்’ என்னும் தெற்குக் காற்று சில நிமிடங்களில் வந்து அடிக்கும். அங்கே பாயை எவ்வளவு வேகமாக இறக்க முடியும் என்பதும் அளவைத் தீர்மானிக்கும்.

ரேட்டிங்: சின்ன பாய்க்குக் கிடைக்கும் விநாடிகள்

வட அமெரிக்காவில் பல வகைப் படகுகள் சேர்ந்து ஓடும் கிளப் பந்தயங்களில் பெரும்பாலும் பி.எச்.ஆர்.எஃப் என்ற ரேட்டிங் முறைதான். ஒவ்வொரு படகுக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். அது ஒரு கடல் மைலுக்கு இத்தனை விநாடி என்ற சலுகை. எண் கூடினால் படகு மெதுவானது என்று பொருள்.

பல பகுதிகளில், நீங்கள் 155 சதவீதம் வரைக்கும் பாய் வைத்திருப்பீர்கள் என்ற அனுமானத்தில்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். “என்னிடம் இருக்கும் பெரிய பாயே இதுதான்” என்று சின்ன அளவை அறிவித்தால் மைலுக்குச் சில விநாடிகள் கூடுதலாகக் கிடைக்கும். அந்த அளவை விடப் பெரிய பாயை அப்புறம் ஏற்றக் கூடாது. சலுகை எவ்வளவு, எத்தனை சதவீதத்தில் தொடங்குகிறது என்பதெல்லாம் பகுதிக்குப் பகுதி மாறும். உங்கள் பகுதி விதியைப் படித்துவிட்டே முடிவெடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைலுக்கு 6 விநாடி கிடைக்கிறது, பந்தயம் 8 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 விநாடி. சராசரி 5 நாட் வேகத்தில் அந்தப் பந்தயம் 96 நிமிடம் ஓடும். அதாவது நமக்குக் கிடைப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 6 நாட் காற்றில் பெரிய ஜெனோவா அதைவிடப் பல மடங்கு கொடுக்கும். எனவே மெல்லிய காற்றுள்ள ஊரில் இந்தச் சலுகை வீண். 20 நாட் காற்றில் எப்படியும் பெரிய பாயை ஏற்றப் போவதில்லை. அங்கே இந்த 48 விநாடி சும்மா வருவது. விரிகுடாவில் கோடைப் பந்தயங்கள் மட்டும் ஓடுபவர்கள் சின்ன முன்பாயை அறிவிப்பது இதனால்தான்.

வின்ச்சில் இருக்கும் கை யாருடையது?

இனி நான்காவது விஷயம். வின்ச், கப்பி விற்பவர்கள் ஜெனோவா ஷீட்டில் விழும் பாரத்தைக் கணிக்க ஓர் எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: சதுர அடியில் பரப்பு, நாட்டில் பாய் உணரும் காற்று வேகத்தின் இருமடி, 0.00431. மூன்றையும் பெருக்கினால் பாரம் பவுண்டில் வரும். மேலே பார்த்த படகுக்கு அதைப் போட்டால் இப்படி வருகிறது.

உண்மைக் காற்று 12 நாட் என்றால், 155 ஜெனோவாவின் ஷீட்டில் சுமார் 210 கிலோ. 100 சதவீத ஜிப்பில் சுமார் 135 கிலோ.

உண்மைக் காற்று 20 நாட் ஆனால், ஜெனோவாவின் ஷீட்டில் சுமார் 440 கிலோ. ஜிப்பில் சுமார் 285 கிலோ.

படகில் இருக்கும் வின்ச் நம் பலத்தை 40 மடங்காக்கும் என்று வைத்துக்கொண்டால், உராய்வைச் சேர்க்காமலே 440 கிலோவுக்குக் கைப்பிடியில் 11 கிலோ பலம் வேண்டும். ஒரு முறை தள்ளினால் போதாது, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படகு சாய்ந்திருக்கும், தண்ணீர் முகத்தில் அடிக்கும். பழகிய பெரியவர் செய்துவிடுவார். உங்கள் பன்னிரண்டு வயது மகளோ, முதல் தடவை வந்திருக்கும் தங்கையோ செய்ய முடியுமா?

காற்றின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் படகைத் திருப்புவதை டாக் அடிப்பது என்பார்கள். எதிர்காற்றில் ஒரு பந்தயத்துக்கு இருபது, முப்பது முறை டாக் அடிக்க நேரலாம். ஒவ்வொரு முறையும் ஜெனோவா பாய்மரத்தையும் கம்பிகளையும் சுற்றி, தட்டித் தடவி மறுபக்கம் வர வேண்டும். பிறகு அவ்வளவு கயிறையும் உள்ளே இழுக்க வேண்டும். ஜிப் சட்டென்று வந்துவிடும். ஆறு பேர் கொண்ட தேர்ந்த குழு ஜெனோவாவைப் பத்து விநாடியில் திருப்பலாம். இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் படகில் அது இருபத்தைந்து விநாடி ஆனால், டாக்குக்குப் பதினைந்து விநாடி நஷ்டம். இருபது டாக்கில் ஐந்து நிமிடம். ரேட்டிங்கில் பார்த்த 48 விநாடி இதற்கு முன்னால் தூசு.

பாதுகாப்பும் இதில் இருக்கிறது. பெரிய ஜெனோவா தளத்தை உரசிக்கொண்டு கீழே வரைக்கும் இறங்கும். அந்தப் பக்கத்தில் வரும் படகு கண்ணுக்கே தெரியாது. தொடக்கக் கோட்டில் இருபது படகுகள் நெருக்கி நிற்கும்போது, பாய்க்குக் கீழே குனிந்து பார்த்துச் சொல்ல ஒருவரை நியமிக்க வேண்டும். கயிறு உதறும்போது பெரிய பாயின் ஷீட் சாட்டை மாதிரி வீசும். குழந்தைகள் முன்தளத்தில் இருக்கவே கூடாது. விரிகுடாவின் தண்ணீரும் கோடையில்கூட 13 முதல் 16 பாகை செல்சியஸ் வரைதான். உள்ளே விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே சீராக வராது. லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் எங்கள் படகில் பேச்சுக்கே இடமில்லை. துறையை விட்டு நகரும் முன் எல்லோரும் போட்டாக வேண்டும்.

பந்தயம் தொடங்குவதா, தொடர்வதா என்ற முடிவு முழுக்கப் படகின் பொறுப்பு என்று சர்வதேசப் பந்தய விதி தெளிவாகச் சொல்கிறது. கிளப் பந்தயத்தை நடத்துகிறது என்பதற்காக உங்கள் குழுவுக்கு அந்த நாள் சரியானது என்று ஆகிவிடாது.

ஆகவே குடும்பப் படகில் விதி இதுதான்: படகில் பலம் குறைந்த கை எந்தப் பாயின் ஷீட்டைப் பயமில்லாமல் இழுத்து முடிக்குமோ, அதுதான் அன்றைய மேல் எல்லை. தனியாகப் பெரியவர்கள் மட்டும் போகும் நாளில் எல்லையை உயர்த்திக்கொள்ளலாம். முதல் நாளே பயந்துபோன பிள்ளை இரண்டாம் நாள் வராது. முதல் நாள் தானே ஷீட்டை இழுத்து, படகு முன்னேறுவதை உணர்ந்த பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமை நமக்கு முன்னால் பை எடுத்துக்கொண்டு நிற்கும்.

பந்தய நாளில் முடிவெடுக்கும் வரிசை

1. காலையில் வானிலை அறிக்கையையும் நீரோட்ட அட்டவணையையும் சேர்த்துப் பாருங்கள். காற்று ஏறுமா, இறங்குமா? தொடக்க நேரத்தில் நீர் வற்றுகிறதா, ஏறுகிறதா?

2. யார் யார் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். வின்ச்சில் யார் என்று பெயர் சொல்லுங்கள்.

3. தொடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீருக்குப் போங்கள். எதிர்காற்றில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 11 நாட்டைத் தாண்டியதும் அலைகளின் உச்சியில் வெள்ளை நுரை அடிக்கடி தெரியும். காற்று வரும் பக்கம் தூரத்தில் நுரை அடர்ந்துகொண்டே வந்தால் அதிகக் காற்று வந்துகொண்டிருக்கிறது.

4. பாயை மாற்றும் முன் இருக்கும் பாயை அடக்கிப் பாருங்கள். பேக்ஸ்டேயை இறுக்குங்கள். ஹால்யார்டை இன்னும் இழுங்கள். ஷீட் ஓடும் கப்பியைப் பின்னால் தள்ளுங்கள், பாயின் மேல்பகுதி காற்றைக் கசிய விடும். மெயினைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எல்லாம் செய்தும் சாய்வு 25 பாகையைத் தாண்டினால் பாய் பெரிது.

5. சந்தேகமாக இருந்தால் முதல் எதிர்காற்றுப் பகுதிக்கான பாயை ஏற்றுங்கள். விரிகுடாக் கோடையில் காற்று பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். அங்கே சின்னதின் பக்கம் சாய்வது நல்லது. காற்று அடங்கிக்கொண்டு வரும் மாலைகளில் பெரியதின் பக்கம்.

6. ஓட்டத்தின் நடுவே மாற்றுவது தேர்ந்த குழுவின் வேலை. மூன்று, நான்கு பேர் மட்டும் இருந்தால் தொடக்கத்துக்கு முன் எடுத்த முடிவோடு போங்கள். காற்று கைமீறினால் வெட்கப்படாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

சுருட்டும் கருவியில் இருக்கும் பெரிய ஜெனோவாவைப் பாதி சுருட்டிக்கொண்டு ஓடலாமே என்று கேட்பார்கள். ஊர் சுற்ற அது போதும். பந்தயத்துக்கு உதவாது. கால்வாசிக்கு மேல் சுருட்டினால் பாயின் வடிவம் கெட்டு நடுவில் தொப்பை விழும். எதிர்காற்றில் படகு ஏறாது, சாய்வு மட்டும் மிச்சம்.

ஒரே ஒரு பாய் வாங்கப் பணம் இருந்தால்

30 அடிப் படகுக்குப் புதுப் பாய் சில ஆயிரம் டாலர் ஆகும். எனவே அவசரம் வேண்டாம். ஒரு சீசன் முழுக்க ஒரு நோட்டில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: தேதி, காற்று, ஏற்றிய பாய், எத்தனை பாகை சாய்வு, யார் யார் இருந்தார்கள். ஸ்ப்ரெட்ஷீட் பிரியர்கள் வரைபடமும் போடலாம். இருபது நாள் பதிவு சேர்ந்தால் பெரும்பான்மை நாட்கள் எந்த அளவைக் கேட்கின்றன என்பது தானாகத் தெரிந்துவிடும். அந்த அளவைப் புதிதாக வாங்குங்கள். மற்றதைப் பழையதாக வாங்கலாம்.

கோடை விரிகுடாவில் குடும்பத்தோடு ஓடுபவர்களுக்கு அநேகமாக அது 100 சதவீதத்தை ஒட்டிய ஜிப்பாகத்தான் இருக்கும். குளிர்காலத்துக்குப் பழைய 135 ஒன்று கிடைத்தால் போதும். பழைய பாய் வாங்கும்போது சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். துணி இழுபட்டுப்போன பாயில் உப்பல் பின்னால் நகர்ந்திருக்கும். அது புதிய பாயை விடப் படகை அதிகம் சாய்க்கும், குறைவாக இழுக்கும். பாய் தைப்பவரிடம் ஒரு தடவை விரித்துக் காட்டி, எல்.பி-யையும் அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். ரேட்டிங் சான்றிதழுக்கு அந்த எண் தேவைப்படும்.

பிள்ளைகளின் படகிலும் இதே பாடம்தான்

குழந்தைகளின் பயிற்சியில் இந்த விஷயம் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிறது. பதினைந்து வயது வரைக்கும் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகு 2.3 மீட்டர் நீளம்தான். ஒரே ஒரு சின்ன பாய். அதற்கு அடுத்து வரும் இல்கா படகில், முன்னாளில் லேசர் என்று சொன்னது, ஒரே உடலுக்கு மூன்று பாய் அளவுகள் உண்டு. இல்கா 4-க்கு 4.7 சதுர மீட்டர், இல்கா 6-க்கு 5.76, இல்கா 7-க்கு 7.06. முன்பாய் கிடையாது, ஒரே பாய்தான். எந்த அளவு என்பதை ஓட்டுபவரின் எடையும் பலமும் முடிவு செய்கின்றன. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்ஸில் ஓடியது நடுத்தர அளவில். தமிழ்நாட்டைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் அதே இரண்டு ஒலிம்பிக்ஸிலும் ஓடியது பெரிய அளவில். சின்ன பாயில் ஓடுவது கீழ்நிலை என்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

நம்ம வீட்டில் மட்டும், “பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த ரிக்குக்குப் போயிட்டான், நீ எப்போ?” என்ற பேச்சு வந்துவிடும். கணக்கு வகுப்பு, பியானோ, பரதநாட்டியம் என்று பழகிய வாய். எடை கூடுவதற்கு முன் பெரிய பாயைக் கொடுத்தால் பிள்ளை காற்றோடு மல்லுக்கட்டி, கவிழ்ந்து, களைத்துத் திரும்பும். காற்றை எப்படிப் படிப்பது, எங்கே திருப்புவது என்று யோசிக்கத் தலையில் இடம் இருக்காது. கோச் சின்ன பாயையே இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளச் சொன்னால், காரணத்தைக் கேளுங்கள், ஆனால் சொன்னதைக் கேளுங்கள்.

அடுத்த தடவை துறையில் “இன்னிக்கு எந்த ஜிப்?” என்ற கேள்வி வரும்போது, உங்கள் பிள்ளையிடம் திருப்பிக் கேளுங்கள். காற்று எவ்வளவு, நீர் எந்தப் பக்கம் ஓடுது, வின்ச்சில் யாரு? மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாயின் எண்ணைச் சொல்வது பெரிய வேலையில்லை.